பேசி முடித்தாச்சு, கடிதமும் எழுதியாச்சு. இனி கோட்டுக்குப் போகத்தான் வேண்டுமா?

சாமிமலைப் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாக வாசித்துப் பதில் சொல்லுங்கள்.

எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் ஒரு பீலி, அதாவது ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் இடம், இருக்கிறது. எல்லாக் காம்பராவுக்கும் (வீட்டுக்கும்) அந்தத் தண்ணீர்தான். தை, மாசியில் ஊற்று சுருங்கிவிடும். அப்போது யார் முதலில் பைப் மாட்டுவது என்று வருஷா வருஷம் வாய்த்தகராறு வரும். இந்த முறை கைகலப்பாகிவிட்டது. பக்கத்துக் காம்பரா மாமா எங்கள் பைப்பைக் கழற்றி எறிந்தார். அம்மா கேட்கப் போனபோது தள்ளிவிட்டார். அம்மா விழுந்ததைப் பார்த்த தம்பி மம்பட்டிக் காம்பால் அவரை அடித்துவிட்டான். மாமாவுக்கு இடது கையில் அடி. டிக்கோயா ஆஸ்பத்திரியில் வைத்திருந்து மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அவர்கள் பொலிசில் என்ட்ரி (முறைப்பாடு) போட்டார்கள். அம்மாவைத் தள்ளியதற்கு நாங்களும் ஒரு என்ட்ரி போட்டோம்.

தம்பியைப் பிடித்து ஹட்டன் நீதிவான் நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தினார்கள். சரீரப் பிணையில் விட்டார்கள். பிணை நின்றது எங்கள் சித்தப்பா.

அப்புறம் சித்திரை வருஷத்துக்கு முன்னால் பெரியவர்கள் இரண்டு வீட்டையும் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்துப் பேசினார்கள். மாமாவின் மருந்துச் செலவு, அவர் வேலைக்குப் போகாத நாட்கள் எல்லாம் சேர்த்து 60,000 ரூபா என்று முடிவானது. 35,000 கொடுத்துவிட்டோம். மீதியை இரண்டு தவணையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம். மாமாவும் 'எனக்கு மனவருத்தம் எதுவும் இல்லை, வழக்கை வாபஸ் வாங்குகிறேன்' என்று கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தோட்டத் தலைவர் சாட்சி. கடிதத்தைப் பொலிசுக்குக் கொண்டுபோனோம். வாசித்துப் பார்த்துவிட்டு, வழக்கு கோட்டில் இருக்கிறது, அங்கே போய்ச் சொல்லுங்கள் என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.

இப்போது இரண்டு வீடும் பேசிக்கொள்கிறோம். மாமியும் அம்மாவும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில்தான் கொழுந்து எடுக்கிறார்கள். சண்டை முடிந்துவிட்டது, வழக்கு மட்டும் முடியவில்லை. தம்பிக்குக் கட்டாரில் வேலை சரிவந்திருக்கிறது, பொலிஸ் ரிப்போர்ட் கேட்கிறார்கள். அடுத்த மாதம் வழக்குத் தவணை. கடிதம் இருக்கும்போது தம்பி கட்டாயம் போக வேண்டுமா? மாமாவும் வர வேண்டுமா? வழக்கு நின்றுவிட்டால் ரிப்போர்ட்டில் பெயர் வருமா? எங்கள் வீட்டில் யாருக்கும் இதெல்லாம் தெரியாது.

கொட்டகலை குமார்:

தங்கச்சி, பயப்படாதீங்க. எங்கள் தோட்டத்திலும் இப்படி ஒரு அடிதடி. இரண்டு பக்கமும் சமாதானம் ஆனதும் யாரும் கோட்டுக்குப் போகவில்லை, கேஸ் அப்படியே அடங்கிவிட்டது. பாதிக்கப்பட்டவரே வேண்டாம் என்ற பிறகு யார் கேஸ் நடத்தப் போகிறார்கள்? ஒரு நாள் பேரை (வேலை நாளை) வீணாக்காதீங்க.

பழைய வாத்தியார்:

குமார் தம்பி நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் மகள், தயவுசெய்து அதைக் கேட்டு நடக்காதீர்கள். நான் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவன். இப்போது சிறு பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபையில் உட்காருகிறேன். இந்த ஒரு எண்ணத்தால், 'நாம்தான் பேசி முடித்துவிட்டோமே' என்று வீட்டிலிருந்த பிள்ளைகள் மேல் பிடியாணை வந்ததைப் பார்த்திருக்கிறேன். தவணையன்று பெயர் கூப்பிடும்போது தம்பி இல்லையென்றால் நீதிவானுக்குத் தெரிவது ஒன்றுதான்: பிணையில் விட்டவன் வரவில்லை. கோயில் மண்டபத்தில் என்ன பேசினீர்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பிடியாணை போகும், பிணை நின்ற சித்தப்பாவையும் கூப்பிட்டுக் கேட்பார்கள். பிடியாணை உள்ள பையனுக்கு நல்ல ரிப்போர்ட் எங்கிருந்து கிடைக்கும்?

அடிப்படையான விஷயம் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அந்த வழக்கில் தம்பிக்கு எதிரே நிற்பது மாமா இல்லை. வழக்குப் போட்டது பொலிஸ். மாமா அதில் பாதிக்கப்பட்டவர், முதல் சாட்சி, அவ்வளவுதான். அதனால் அவர் எழுதிய கடிதம் வழக்கை நிறுத்தாது. ஆனால் அவருடைய சம்மதம் இல்லாமல் இணக்கமாக முடிக்கவும் முடியாது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 266ஆம் பிரிவு இருக்கிறது. எந்தெந்தக் குற்றங்களை இணக்கமாகத் தீர்க்கலாம், யார் தீர்க்கலாம் என்று அதில் அட்டவணை போட்டிருக்கிறார்கள். சாதாரணக் காயம், அத்துமீறி நுழைதல், தனியாருடைய பொருளுக்குச் சேதம் போன்றவை அதற்குள் வரும். காயம் என்றால் காயப்பட்டவர்தான் சம்மதிக்க வேண்டும். தலைவரோ, துரையோ, கோயில் பெரியவரோ அவருக்காகச் சம்மதிக்க முடியாது. அப்படிச் சட்டப்படி இணங்கிவிட்டால் அது எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) விடுதலையானதற்குச் சமம்.

ஆக மாமா நேரில் வர வேண்டும். திறந்த மன்றில், நீதிவான் கேட்கும்போது, தன் வாயால் சொல்ல வேண்டும். அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றால் தமிழிலேயே சொல்லட்டும், மொழிபெயர்ப்பாளர் இருப்பார். எங்கள் ஆட்கள் அங்கே போனதும் குரல் அடைத்துப்போய் எல்லாவற்றுக்கும் 'ஆமாங்க சேர்' என்று தலையாட்டிவிடுகிறார்கள். அப்படி வேண்டாம். என்ன கேட்கிறார்கள் என்று விளங்கவில்லையென்றால் 'விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்' என்று கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது.

நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயம் எனக்கு உறுத்துகிறது. ஒன்று, நீங்களும் ஒரு என்ட்ரி போட்டிருக்கிறீர்கள். அதில் பொலிஸ் வேறு வழக்குப் போட்டிருந்தால் மாமா அதில் எதிரி, உங்கள் அம்மா பாதிக்கப்பட்டவர். தம்பியின் வழக்கை மட்டும் முடித்துவிட்டு அதை மறந்துவிட்டால் மாமா வீட்டுக்கு அழைப்பாணை வரும். அன்றைக்கு இந்தச் சமாதானம் உடைந்துவிடும். அம்மாவையும் கூட்டிப்போங்கள், முடிந்தால் இரண்டையும் ஒரே நாளில் முடியுங்கள்.

இரண்டாவது, மாவுக்கட்டு. போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். கை எலும்புக்கு என்ன ஆனது? எக்ஸ்ரே எடுத்தார்களா? டாக்டர் பொலிசுக்கு என்ன எழுதிக் கொடுத்தார்? அதைத் தெரிந்துகொண்டு வந்து எழுதுங்கள். உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

பண்டாரவளை மகள்:

பேசித் தீர்ப்பது நல்லதுதான். ஆனால் அடிபட்ட பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன்.

என் அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். ஸ்டாண்டில் வரிசைத் தகராறில் ஒருவர் முகத்தில் குத்தி முன்பல் உடைந்தது. வழக்கு போனதும் ஊரில் செல்வாக்கான ஒருவர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டார். 20,000 ரூபாவை மேசையில் வைத்து, 'நாளைக்கும் நீங்க இதே ஸ்டாண்டிலதானே ஓட்டணும்' என்றார். அப்பா அந்தக் காசை எண்ணக்கூட இல்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

தவணையன்று நீதிவான் கடிதத்தைப் பார்த்துவிட்டு, 'யாராவது சொல்லி எழுதினீர்களா, உங்கள் விருப்பத்திலா?' என்று கேட்டார். அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு நடந்ததைச் சொல்லிவிட்டார். நீதிவான் அந்த இணக்கத்தை ஏற்கவில்லை. எதிரிப் பக்கத்தைக் கடுமையாக எச்சரித்து வேறு தவணை கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அந்த மனிதர் நேரே வந்து அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். பல் கட்டிய செலவு முழுவதும் கொடுத்தார். அப்போது அப்பா மனதார இணங்கினார்.

சாமிமலைத் தங்கச்சி, உங்கள் மாமாவிடம் ஒருமுறை தனியாக, தலைவர் இல்லாத நேரத்தில், 'உங்களுக்கு உண்மையிலேயே சம்மதமா மாமா?' என்று கேளுங்கள். அவர் வேறு ஏதாவது சொன்னால் அதையும் கேளுங்கள்.

பழைய வாத்தியார்:

பண்டாரவளை மகள் சொன்னது ஒவ்வொரு சொல்லும் முக்கியம். மிரட்டி முறைப்பாட்டை வாபஸ் வாங்க வைப்பது தனிக் குற்றம். பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது. இப்போது அதற்குப் பதிலாக 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதில் மாட்டினால் பிணை எடுப்பதே பெரும்பாடு. சின்ன அடிதடியில் தொடங்கி அதில் போய் நின்ற குடும்பங்கள் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இந்த வழக்குக்கு நேரடியாகச் சம்பந்தமில்லை என்றாலும். பேசித் தீர்க்கலாம் என்றதும் எல்லாவற்றையும் பேசித் தீர்க்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைக்கும் காசு பேசுகிறார்கள், கல்யாணம் பேசுகிறார்கள். அப்படியான விஷயத்தில் இணக்கத்துக்கு இடமே கிடையாது. தாய் தகப்பன் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. யாராவது அப்படிப் பேச்சுவார்த்தை வைத்து என்னைக் கூப்பிட்டால் நான் நேரே பொலிசுக்குத்தான் போவேன்.

மத்தியஸ்த சபையைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி நடப்பது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் பாடசாலையில்தான் கூடுவோம், அதனால் பேர் போகாது. சிறு அடிதடி, சேதம், ஏச்சுப்பேச்சு மாதிரியான முறைப்பாடுகளைப் பொலிசே எங்களிடம் அனுப்புவதுண்டு. நீதிமன்றத்திலிருந்தும் வரும். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்யலாம், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். சட்டத்தரணி வந்து பேச முடியாது, அவரவர்தான் பேச வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாங்கில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, முதல் அரை மணித்தியாலம் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாரோ ஒருவர் 'தண்ணிக்குத்தானே சண்டை' என்பார். அதற்குப் பிறகு அடியைப் பற்றிப் பேச்சே வராது. பைப்பை யார் எத்தனை மணிக்கு மாட்டுவது என்றுதான் பேசுவார்கள். இணக்கப்பாட்டில் காலை யாருக்கு, மாலை யாருக்கு என்றுகூட எழுதியிருக்கிறோம்.

உங்கள் கோயில் பேச்சில் அதை எழுதினீர்களா? 60,000 ரூபாவை எழுதியிருப்பீர்கள். அடுத்த தை மாதம் பீலியில் என்ன செய்வது என்று எழுதாவிட்டால் இது மறுபடி வரும்.

சாமிமலைப் பொண்ணு:

வாத்தியார் ஐயா, அக்கா, ரொம்ப நன்றி. நேற்று மாமியிடம் கேட்டேன். எக்ஸ்ரேயில் மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு என்று டாக்டர் சொன்னாராம். இப்போது கட்டுப் பிரித்தாகிவிட்டது, ஆனால் பாரம் தூக்க முடியவில்லை என்கிறார்.

அக்கா சொன்ன மாதிரி மாமாவிடம் தனியாகவும் கேட்டேன். 'உன் தம்பி சின்ன வயசுல என் தோள்ல ஏறித் திருவிழா பார்த்தவன், அவனை உள்ளுக்குப் போட்டு நான் என்ன செய்ய' என்றார். ஆனால் கோட்டுக்கு வரத் தயங்குகிறார். ஏற்கெனவே பேர் போய்விட்டது, இன்னும் எத்தனை நாள் போகும் என்கிறார். மீதிக் காசு வராமல் போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது போல. நேரே சொல்லவில்லை. பைப் விஷயம் எதுவும் எழுதவில்லை ஐயா, யாருக்கும் அது தோன்றவே இல்லை.

எலும்பு வெடிப்பு என்றால் பெரிய வழக்கா?

நுவரெலியா சட்டத்தரணி:

தங்கச்சி, நான் நுவரெலியாவில் தொழில் செய்கிறேன். வாத்தியார் மாவுக்கட்டைக் கேட்டது ஏன் என்று சொல்கிறேன்.

தண்டனைச் சட்டக்கோவையில் சாதாரணக் காயம் 314ஆம் பிரிவு, ஒரு வருடம் வரை சிறை. கடுங்காயம் 316ஆம் பிரிவு, ஏழு வருடம் வரை. கடுங்காயம் எது என்பதை 311ஆம் பிரிவு சொல்கிறது. எலும்பு, குருத்தெலும்பு, பல் ஆகியவற்றின் முறிவு அதில் ஒன்று. சின்ன வெடிப்பாக இருந்தாலும் வைத்திய அதிகாரி முறிவு என்று எழுதியிருந்தால் பொலிஸ் 316இல் குற்றம் சாட்ட இடமுண்டு. மம்பட்டிக் காம்பை ஆபத்தான ஆயுதம் என்று காட்டினால் பிரிவு இன்னும் கனமாகும். எனவே முதல் வேலை, உங்கள் வழக்கில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது. தவணைக்கு முன்பே ஒரு சட்டத்தரணி மூலம் வழக்கேட்டைப் பார்க்கலாம்.

314 என்றால் வழி நேரானது. 316 என்றால் அதே லேசில் முடியும் என்று நம்பிக்கொண்டு போகாதீர்கள். இருவர் சம்மதத்தோடு நிற்காது, காயத்தின் தன்மையையும் நீதிவான் பார்ப்பார், வழக்கை நடத்தும் பொலிஸ் தரப்போடும் உங்கள் சட்டத்தரணி பேச வேண்டியிருக்கும். இரு வீட்டுக்கும் இடையில் உண்மையான சமாதானம் இருப்பதைக் கண்டு குற்றச்சாட்டைக் குறைக்க அவர்கள் இணங்குவதும் உண்டு. அதுவும் இல்லையென்றால், தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டு, நட்டஈடு கொடுத்ததைக் காட்டி, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவின்படி நிபந்தனையோடு விடுவிக்கக் கேட்கலாம். அந்தப் பிரிவில், குற்றவாளி என்று தீர்ப்பளிக்காமலே விடுவிக்க நீதிவானுக்கு அதிகாரம் இருக்கிறது. கொடுப்பதா இல்லையா என்பது அவர் கையில். வயது, முன்குற்றம் இல்லாமை, மாமா தரும் வாக்கு எல்லாம் அங்கே எடுபடும். கட்டார் வேலைக்காக அவசரப்பட்டு, யாரும் விளக்கிச் சொல்லாமல், முதல் நாளே 'குற்றவாளி' என்று சொல்லிவிட வேண்டாம்.

மீதி 25,000 பற்றி: மாமாவின் பயம் நியாயமானது. வழக்கு முடிந்த பிறகு தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கைவிட்டவர்கள் நிறையப் பேர். அதனால் மீதிக் காசை மன்றிலேயே, வழக்கேட்டில் பதியும்படி கொடுங்கள். ஒரே தடவையில் முடியாது என்றால் அதையும் மன்றில் சொல்லுங்கள். மீதி கொடுத்து முடிக்கும் வரை தவணை கேட்கலாம். ஏற்கெனவே கொடுத்த 35,000க்கும் பற்றுச்சீட்டு எழுதி வாங்குங்கள், இல்லையென்றால் கொடுக்கவில்லை என்றே ஆகும்.

பொலிஸ் ரிப்போர்ட்: வழக்கு நிலுவையில் இருக்கும்போது விண்ணப்பிக்காதீர்கள். முடிந்ததும் பதிவாளர் காரியாலயத்தில் கட்டளையின் சான்றுப்படுத்திய பிரதி ஒன்று எடுங்கள், கூடுதலாக இன்னொன்றும் எடுத்து வையுங்கள். விண்ணப்பத்தோடு அதை இணைக்கலாம். எப்படி முடிந்தது என்பது அந்தத் தாளில்தான் இருக்கும், வாய்ப்பேச்சில் யாரும் நம்பமாட்டார்கள்.

காசு பிரச்சினை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்காகவே இருக்கிறது. அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வழக்கிலக்கம் மூன்றையும் கொண்டுபோங்கள்.

கொட்டகலை குமார்:

வாத்தியார் சொன்னது சரிதான். எங்கள் தோட்டத்துப் பையனிடம் இன்றைக்குக் கேட்டேன். அவனுக்குக் கேஸ் முடிந்ததா என்றே தெரியவில்லை. நாளைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு கோட்டுக்குப் போய்ப் பார்க்கப் போகிறேன்.

சாமிமலைப் பொண்ணு:

நன்றி சேர். கடைசியாக ஒன்று. மாமாவின் அன்றைய பேரையும் பஸ் காசையும் நாங்கள் கொடுத்தால், காசு கொடுத்துச் சாட்சியைக் கூட்டிவந்தோம் என்று ஆகிவிடுமா? அன்றைய சம்பளத்தை அவர் எங்களுக்காக இழக்கிறார். அதையும் அவர் தலையில் போட மனம் வரவில்லை.

நுவரெலியா சட்டத்தரணி:

மறைத்துக் கொடுத்தால்தான் சிக்கல். 60,000இல் அதையும் சேர்த்து, 'தவணைக்கு வந்து போகும் செலவும் இழந்த சம்பளமும் உட்பட' என்று இணக்கப்பாட்டில் ஒரு வரி எழுதுங்கள். அல்லது தனித் தொகையாகக் காட்டுங்கள். நீதிவான் கேட்டால் இருவரும் அதையே சொல்லுங்கள்.

பழைய வாத்தியார்:

அந்தத் தாளைத் திருப்பி எழுதும்போது பைப் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள் மகள். காலை ஐந்திலிருந்து யார், பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு)ப் போய்விட்டு வந்த பிறகு யார் என்று. மற்றக் காம்பராக்காரர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள், அவர்களும் அதே பீலியில்தானே குடிக்கிறார்கள். தவணையன்று முதல் பஸ்ஸில் புறப்படுங்கள். மழைக்காலம், நோர்வூட் பக்கம் பாதை நின்றுவிட்டால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. என்ன நடந்தது என்று இங்கே வந்து எழுதுங்கள்.